பதினோராம் மெட்டின் வயது

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படப்பையில் கோழிக்கடை வரிசையில் நின்றபோது அது போனில் வந்தது. கதையாகக்கூட வரவில்லை, புகாராக வந்தது.

"சார், பாட்டுப் பெட்டி புஸ்தகத்தைத் தமிழ்ல எழுதுனது நீங்கதானா? கடைசிப் பக்கத்துல உங்க நம்பர் போட்டிருக்கு."

"ஆமாம்மா. நீங்க யாரு?"

"இசக்கிசெல்வி சார். வல்லம் வடகால்ல கார் சீட் செய்யுத கம்பெனில டிரெய்னியா இருக்கேன். அந்தப் புஸ்தகத்துல ஒரு கட்டம் கொறையுது சார். அதை எங்க வச்சிருக்கிய?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாத ஒரு பெண், மூன்று வருடத்துக்கு முன்னால் நான் செய்துவிட்டு மறந்துபோன ஒரு காரியத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என்று இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு வரும் இயந்திரங்களின் கையேடுகளைத் தமிழாக்கித் தருவது என் பிழைப்பு. கதை எழுதுவது என் ஆசை. லைனில் கோளாறு நேர்ந்தால் மெட்டுப் பாடும் அந்தப் பெட்டியின் ஆங்கிலக் கையேட்டில் முப்பத்திரண்டு மெட்டுகளுக்கு ஒரு அட்டவணை இருந்தது: மெட்டின் எண், எழுதியவர் பெயர், எழுதிய வருடம், எத்தனை நொடி. தமிழில் இரண்டே பக்கத்தில் அடக்கச் சொன்னார்கள். லைனில் நிற்பவருக்குப் பெயர் எதற்கு, வருடம் எதற்கு என்று நானாகவே முடிவுசெய்து இரண்டு கட்டத்தையும் வெட்டி எறிந்தேன். எண்ணும் நொடியும் மிஞ்சின. பக்கம் கச்சிதமாக வந்துவிட்டதென்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"வருசம் போட்ட கட்டம் சார். இருக்கா, இல்லையா?"

"இருக்கு. வீட்டுல கம்ப்யூட்டர்ல இருக்கு."

"அப்போ போய் எடுங்க சார். நான் கட் பண்ணாம அப்படியே இருக்கேன்."

கோழி வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை. அதற்கு முதலில் ஒரு தொடக்கம் வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: "கி.பி. 1600 வாக்கில், இத்தாலி நாட்டு நகரங்களில் ஒரு புதிய"

[வேண்டாம். உங்களை இத்தாலிக்குக் கூட்டிப் போனால் வல்லம் வடகாலுக்குத் திரும்பி வர மாட்டீர்கள்.]

தொடக்கம் இரண்டு: "இசக்கிசெல்விக்குச் சிறு வயது முதலே இசை என்றால் உயிர்"

[பச்சைப் பொய். அவளையே கேட்டேன். "அப்படிலாம் ஒண்ணும் கெடையாது சார். பாட்டு போட்டா கேப்பேன், எல்லாரையும் மாதிரி" என்றாள். கதாபாத்திரம் இப்படிக் கையை விரித்தால் எழுதுகிறவன் என்ன செய்வான்?]

தொடக்கம் மூன்று: "கயிறு இழுபட்டது."

[இது நன்றாக இருக்கிறது. இதைச் செலவழிக்காமல் கடைசிக்கு எடுத்து வைக்கிறேன்.]

தொடக்கம் நான்கு. இதுதான் நிற்கப் போகிறது:

அந்தத் தொழிற்சாலையில் கார் இருக்கைகள் ஒரு நீண்ட வரிசையில் நகர்ந்துகொண்டே போகும். பதினாறு இடங்களில் பதினாறு பேர் நிற்பார்கள். முதலில் இரும்புச் சட்டம், அடுத்து ஃபோம், அதற்கு மேல் உறை, கடைசியில் ஒயரும் சோதனையும். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். ஸ்க்ரூ உட்காரவில்லை, உறை கிழிந்துவிட்டது, ஏதோ கோளாறு என்றால் கயிற்றை இழுக்க வேண்டும். மேலே பலகையில் அந்த இடத்தின் எண் எரியும், ஒலிபெருக்கியில் அந்த இடத்துக்கான மெட்டு பாடும் (பெட்டியில் முப்பத்திரண்டு இருந்தாலும் இங்கே முதல் பதினாறுதான்). அறுபது நொடிக்குள் லைன் லீடர் அங்கே ஓடி வந்து சேர வேண்டும். வராவிட்டால் லைன் மொத்தமும் நின்றுவிடும்.

பாடும் மெட்டுகள் அத்தனையும் ஐரோப்பிய செவ்விசை. இரண்டு கைக்கும் சேர்த்துப் பியானோவில் வாசித்த மாதிரி இருக்கும். இருக்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது பெட்டி செய்தவர்களுக்கே வெளிச்சம். ஆட்கள் அதைப் பாட்டுப் பெட்டி என்றார்கள்.

இசக்கிசெல்வி ஒன்பதாவது இடத்தில் நின்றாள். ஃபோமின் மேல் உறையை இழுத்துப் போர்த்தி, கழன்றுவிடாமல் கம்பி வளையம் அடித்துப் பூட்டுவது அவள் வேலை. வள்ளியூர்ப் பக்கத்துப் பெண், வயது இருபத்தொன்று, ஒரகடத்தில் ஆறு பேர் இருக்கும் ஹாஸ்டல் அறையில் வாசம். இரண்டு வருட டிரெய்னி. அந்த மாதம் முப்பத்தொன்றோடு அவள் தவணை முடிகிறது. அவளோடு சேர்ந்த நாற்பது பேரில் மூன்று பேரை மட்டும் நிரந்தரம் செய்வார்கள், மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவள் அந்த மூவரில் ஒருத்தியாக வேண்டும். இந்தக் கதையில் யாருக்காவது ஏதாவது போய்விடும் என்றால் அது இதுதான், வேறொன்றும் இல்லை.

3

வினை ஒரு ரேக்கின் உருவத்தில் வந்தது.

உறைகளை அடுக்கி வைப்பதற்கென்று லைனுக்கு நடுவில் ஒரு உயரமான ரேக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது பலகையை மறைத்துவிட்டது. லைன் லீடர் பாபு ரேக்குக்கு இந்தப் பக்கம் நின்றால் எந்த எண் எரிகிறதென்று தெரியாது, மெட்டை வைத்துத்தான் ஓட வேண்டும். பாபு பென்னலூர்க்காரர், குடும்பமே விவசாயம், இப்போது வீட்டில் மூன்று பேர் ஷிஃப்ட்டுக்குப் போகிறார்கள். நல்ல மனுஷர். ஆனால் காது விஷயத்தில் கொஞ்சம் மட்டம்.

ஒரு நாள் காலை ஷிஃப்டில் மூன்றாவது இடத்தில் கயிறு இழுபட்டது. பாபு விழுந்தடித்துக்கொண்டு பன்னிரண்டாவது இடத்துக்கு ஓடினார். அங்கே எல்லாரும் சும்மா நின்று அவரைப் பார்த்தார்கள். திரும்பி மூன்றுக்கு ஓடி வருவதற்குள் லைன் நின்றுவிட்டது. கண்ணாடிக் கூண்டிலிருந்து என்ஜினியர் ஹேமந்த் இறங்கி வந்து எல்லார் முன்னாலும் பாபுவைக் காய்ச்சி எடுத்தார்.

டீ நேரத்தில் பாபு இசக்கிசெல்வியிடம் புலம்பினார்.

"இன்னாமா பண்றது? மூணும் பன்னெண்டும் ஒரே மாதிரி கேக்குது. ரெண்டும் டிங்கு டிங்குன்னு நீட்டா வந்துகினு கீது. எனுக்கு எப்புடித் தெரியும்?"

"ரெண்டும் ஒரே காலத்துப் பாட்டுண்ணே. அதான் அப்படிக் கேக்கு."

"காலமா? இன்னா காலம்?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. எட்டு மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று அவள் காத்திருந்த கேள்வி அது.

4

நான் வெட்டாமல் விட்ட ஒரே பகுதி, கையேட்டின் மேலே கோடு போட்ட பெட்டிக்குள் இருந்த நாலு வரி. அதைச் சுற்றி ஒரு படம் இருந்ததால் கை வைக்க முடியவில்லை. அந்த வரிகள் சொன்னது: இந்த மெட்டுகள் நான்கு காலங்களைச் சேர்ந்தவை. பரோக், ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை. கிளாசிக்கல், 1750 முதல் 1820 வரை. ரொமாண்டிக், 1820 முதல் 1900 வரை. பிறகு இருபதாம் நூற்றாண்டு.*

(* இதற்கு முன்பு இடைக்காலம், மறுமலர்ச்சிக் காலம் என்று இன்னும் இரண்டு உண்டு. பெட்டியில் அவை இல்லை. எனவே கதையிலும் இல்லை. குறை சொல்ல வேண்டுமானால் பெட்டி செய்தவர்களைச் சொல்லுங்கள்.)

கையேடு கயிற்றுக்குப் பக்கத்தில் தூணில் தொங்கியது. இசக்கிசெல்வி அந்த நாலு வரியை ஒரு நாளைக்கு முந்நூறு இருக்கை, இருக்கைக்கு ஒரு தரம் என்று படித்தாள். நாலு காலம் என்கிறார்கள், பதினாறு மெட்டு பாடுகிறது, எது எந்தக் காலம் என்று எழுதவில்லையே? இது அவளைக் குடைந்து எடுத்தது.

கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் ஒவ்வொரு காலத்துக்கும் நாலைந்து பாட்டாகத் தேடிக் கேட்டாள். லைனில் கயிறு இழுபடும்போதெல்லாம் காதைக் கொடுத்தாள். [இங்கே ஒரு கெட்டிக்கார வாசகர் கையைத் தூக்குவார்: பாட்டைப் போனுக்குக் கேட்கவைத்தால் அதுவே பெயர் சொல்லுமே? லைனுக்குள் போனுக்கு அனுமதி இல்லை, ஐயா. டிரெய்னிகள் கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். உள்ளே போன் வைத்துக்கொள்ள லைன் லீடருக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும்தான் உரிமை. இதை மனதில் வையுங்கள். ஹாஸ்டலுக்கு வந்து போனிடம் முனகிக் காட்டவும் செய்தாள். அது ஒரு பற்பசை விளம்பரத்தை எடுத்துக் கொடுத்தது.]

ஆகவே காதுதான் துணை. அதிலிருந்து அவள் கண்டுபிடித்ததை அவள் வாயாலேயே கேளுங்கள். பாபுவிடம் டீ கிளாஸை ஆட்டிக்கொண்டு சொன்னாள்:

"பரோக்குன்னா நிக்கவே நிக்காதுண்ணே. நம்ம கன்வேயர் மாதிரி. ரெண்டு கையும் ஒண்ணை ஒண்ணு தொரத்திட்டே ஓடும், மூச்சு விடாது. கிளாசிக்கல் அப்படி இல்ல. ஒருத்தர் கேப்பாரு, ஒருத்தர் பதில் சொல்லுவாரு, சுத்தமா முடிச்சுட்டு நிக்கும். ரொமாண்டிக் அழப்போற மாதிரி மெல்ல ஏறிட்டே வரும், ஆனா அழாது, அப்படியே எறங்கிரும். அந்த இருபதாம் நூற்றாண்டு இருக்குல்லா, அது கால் தடுக்கினாப்புல போவும். விழுந்துருமோன்னு பாப்போம், விழாது."

"இத்த வச்சிகினு இன்னா பண்றது?"

"நாலு காலம், நாலு ஏரியாண்ணே! சட்டம் ஏரியாவுக்கு எல்லாம் பரோக். ஃபோமுக்குக் கிளாசிக்கல். உறைக்கு ரொமாண்டிக். ஒயருக்கு இருபதாம் நூற்றாண்டு. பாட்டு எதுன்னு நீங்க மனப்பாடம் பண்ண வேண்டாம். ரெண்டு செகண்டு கேட்டா போதும், எந்தப் பக்கம் ஓடணும்னு கால் ஓடிரும். அங்க போயிட்டா நாலு பேருல யாருன்னு கண்ணு பாத்துக்கிடும்."

பாபு டீயைக் குடிக்காமல் அவளைப் பார்த்தார். "யம்மா, இத்த எழுதிக் குடு. இது கைசன்."

வேலையை எளிதாக்க யார் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தாலும் கம்பெனியில் அதற்குக் கைசன் என்று பெயர். நல்ல கைசன் கொடுத்த டிரெய்னியை நிரந்தரம் செய்த கதைகள் ஹாஸ்டலில் நிறைய உலவின.

எனக்கு இதைக் கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. ஐரோப்பாக்காரர்கள் முந்நூறு வருடமாகப் பாட்டு எழுதிக் குவித்து, புத்தகம் புத்தகமாக ஆராய்ந்து, காலம் காலமாகப் பிரித்து வைத்தது எதற்காக என்று யாராவது என்னைக் கேட்டால், பாபு சரியான பக்கம் ஓடுவதற்காக என்று தைரியமாகச் சொல்வேன்.

5

ஹேமந்த் ஃபார்மைப் படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐடியா பிரமாதம். ஆனா 'காதுல கேட்டேன்'னு எழுத முடியாதும்மா. இந்த மெட்டு இந்தக் காலம்தான்னு ஆதாரம் வேணும். கைசன் கமிட்டி முதல்ல அதைத்தான் கேக்கும்."

தொழிற்சாலையில் ஆங்கிலக் கையேடு எங்கேயோ போய்விட்டிருந்தது. இருந்ததெல்லாம் நான் வெட்டிய தமிழ்க் கையேடு, அதன் கடைசிப் பக்கத்தில் என் போன் நம்பர்.

இப்போது நான் கோழி வாங்காமல் ஓடிவந்து கம்ப்யூட்டரைத் திறந்த இடத்துக்கு வந்துவிட்டோம். போனை ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கமும் ஸ்பீக்கர்தான். ஹாஸ்டல் அறையே கூடியிருந்தது.

"அம்மா, மெட்டு ஒண்ணு, வருஷம்..."

"சொல்லாதிய சார்! நம்பரை மட்டும் சொல்லுங்க. நான் காலத்தைச் சொல்லுதேன். பொறவு நீங்க வருசத்தைச் சொல்லுங்க."

"சரி. மெட்டு ஒண்ணு."

"கிளாசிக்கல்."

"ஆயிரத்து எழுநூத்து எண்பத்தி நாலு."

அந்தப் பக்கம் ஒரு விசில். அவள் அறைத் தோழி ஜாஸ்மின்தான் விசிலடித்தது. பதினாலாவது இடத்தில் ஒயர் மாட்டும் பெண். அவள்தான் எண்ணிக்கையும் வைத்தாள்.

"மெட்டு ரெண்டு."

"ரொமாண்டிக்."

"ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தி ஒண்ணு."

"ரெண்டு!" என்றாள் ஜாஸ்மின்.

நாலு சரி. ஏழு சரி. நான் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டு படித்தேன். எட்டாவது மெட்டு 1822. கிளாசிக்கலா ரொமாண்டிக்கா என்று எனக்கே சந்தேகமான வருடம். "கிளாசிக்கல் மாதிரி ஆரம்பிக்கும் சார், ஆனா நடுவுல அழ வருது. ரொமாண்டிக்" என்றாள். வரையறைப்படி அதுவே சரி. நான் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் என்ன ஏதென்று எட்டிப் பார்த்தார்கள். பத்து சரி!

"மெட்டு பதினொண்ணு."

"பரோக். இதுல சந்தேகமே கெடையாது சார். பதினாறுலயும் சுத்தமான பரோக் அதான்."

நான் திரையைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

1921.

[இந்த இடத்தில் நான் மூன்று நாள் எழுதாமல் கிடந்தேன். காரணம் சொல்கிறேன். 1921இல் ஒன்பதை ஏழாக்கினால் 1721. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தட்டு. பதினாறுக்குப் பதினாறு, ஆதாரம் பக்கா, பெண் நிரந்தரம். கதை எழுதுகிறவனுக்கு இதைவிடச் சின்ன வேலை உண்டா? நான் போனில் அதை அவளிடமே இழுத்து இழுத்துச் சொன்னேன்: "வேணும்னா நான் ஆயிரத்து எழுநூத்து..."]

"வேண்டாம் சார்" என்றாள் இசக்கிசெல்வி. "ஒருதடவை வெட்டுனது போதாதா? உள்ளதைச் சொல்லுங்க."

உள்ளதைச் சொன்னேன். மீதி ஐந்தையும் படித்தேன். ஐந்தும் சரி. பதினாறுக்குப் பதினைந்து. ஆனால் யாரும் விசிலடிக்கவில்லை.

"அப்போ என் காது தப்பா சார்?"

6

தப்பில்லை. இதை நான் அவளுக்கு மறுநாள் சொன்னேன், உங்களுக்கு இப்போதே சொல்கிறேன். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஐரோப்பாவில் சிலருக்கு ரொமாண்டிக்கின் பெருமூச்சு சலித்துப்போனது. அவர்கள் வேண்டுமென்றே பின்னால் போய், இருநூறு வருடப் பழைய உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு புதுப் பாட்டு எழுதினார்கள். பதினோராம் மெட்டு அந்த ரகம். பிறந்தது இருபதாம் நூற்றாண்டில், நடை பரோக்.

காலம் என்ற கோட்டை யார் போட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பரோக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தாங்கள் பரோக் என்று தெரியாது. அந்தப் பெயர் பின்னால் வந்தவர்கள் வைத்தது. அதுவும் மரியாதைக்கு வைத்ததல்ல, கோணல்மாணல் என்று நக்கலடிக்க வைத்தது. 1750 டிசம்பர் முப்பத்தொன்று ராத்திரி யாரும் பரோக் கடையை இழுத்து மூடவில்லை.

நான் இப்படிப் பெரிய தத்துவமாக எழுதிவைத்திருந்ததைப் பாபு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஹேமந்தின் கூண்டில் அவரும் பாபுவும் இசக்கிசெல்வியும் நின்றிருந்தபோது:

"சார், எங்க வூட்ல பத்து வருசம் முன்னாடி எல்லாரும் நெல்லு நட்டுகினு இருந்தோம். இப்போ எல்லாரும் ஷிஃப்ட்டு. எங்க அண்ணன் மட்டும் இன்னும் அரை ஏக்கர் நட்டுகினுதான் கீறாரு. அவரு எந்தக் காலம்? நீயே சொல்லு."

ஹேமந்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முடிவில் மாற்றமில்லை. "பாபு, கமிட்டி கையில அந்தக் கையேடு எழுதினவர் அனுப்பின டேபிள் இருக்கும். அதுல 1921ன்னு இருக்கு. பதினொண்ணை நாலாவது ஏரியாவுக்குத்தான் மாத்தணும். வருஷப்படி இல்லன்னா முதல் கேள்வியிலயே அவுட்."

"நாலாவது ஏரியால வச்சா காது முன்னால ஓடிரும் சார்" என்றாள் இசக்கிசெல்வி. "அது பதினாலாவது இடத்துல பாடும். பாபுண்ணன் ரெண்டாவது இடத்துக்கு ஓடுவாரு. நான் எதுக்காவ எழுதுனேனோ அதே தப்பு வரும்."

"ஒரே ஒரு மெட்டுதானேம்மா."

கையேடு எழுதினவர் அனுப்பின டேபிள்! நான் அனுப்பியது. கட்டத்தை வெட்டியபோது அவளை எட்டு மாதம் அலையவிட்டேன். ஒட்டி அனுப்பியபோது அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டேன். இந்தக் கதையில் வில்லன் வேண்டுமென்று தேடுகிறவர்கள் தேட வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7

கமிட்டி முன்னால் பாபு மெட்டைக் கேட்டு ஓடிக் காட்டும் ஒத்திகை வியாழக்கிழமை பகல். அதற்கு முந்தின நாள் கேன்டீனில், சாம்பார் சாதத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பாபு குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு. பதினொண்ணு வந்தா பின்னாடி ஓடணும், அவ்ளோதானே? இத்த ஒண்ணே ஒண்ணு மனப்பாடம் பண்ணிக்கிறேன். யாருக்குத் தெரியப் போவுது? நீ பர்மனென்ட் ஆயிடு."

இசக்கிசெல்வி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஊரில் அவள் தங்கச்சி இந்த வருடம் பாலிடெக்னிக் சேர்ந்திருந்தாள். அம்மா தினமும் போனில் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டாள். சரி என்று தலையாட்டினால் போதும். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது.

"வேண்டாம்ண்ணே" என்றாள். "மனப்பாடம் பண்ண வேண்டாம்னுதானே இதையே எழுதுனேன்? நாளைக்கு நீங்க லீவு போட்டா வேற ஆளு எப்படி ஓடுவாரு? காது சொல்லுத பக்கமே ஓடுங்க."

"உன் வேலை போயிடும்மா."

"போனா போவுது." சொல்லிவிட்டாள், ஆனால் அந்தச் சாதத்தை அவளால் சாப்பிட முடியவில்லை.

வியாழக்கிழமை. கமிட்டியில் மூன்று பேர், கையில் நான் அனுப்பிய அட்டவணை. பாபு பலகைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். இசக்கிசெல்வி ஒன்பதாவது இடத்தில், ஒரு உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆறு தரம் கயிறு இழுப்பார்கள் என்று ஏற்பாடு.

முதல் கயிறு. அழ வருகிற மாதிரி ஏறியது. பாபு உறைப் பக்கம் ஓடினார். சரி! இரண்டாவது, கேள்வியும் பதிலும். ஃபோம். சரி! மூன்று, நாலு, ஐந்து. ஐந்தாவதுக்கு அவர் எடுத்துக்கொண்டது பதினேழு நொடி. ஹேமந்த் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். கமிட்டியில் ஒருவர் தன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு லைனையே பார்க்க ஆரம்பித்தார்.

ஆறாவது கயிற்றைப் பதினாலாவது இடத்தில் ஜாஸ்மின் இழுத்தாள். பதினோராம் மெட்டு. இரண்டு கையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, மூச்சு விடாமல். பாபு திரும்பினார். ஒரு கணம் இசக்கிசெல்வியைப் பார்த்தார். பிறகு ஓட ஆரம்பித்த அவர் கால்

[இதுவரை ஜாஸ்மின் போனில் சொன்னது, மீதியை இசக்கிசெல்வியே சொல்வாள் என்று வைத்துவிட்டாள். இதோடு எனக்குத் தெரிந்தது தீர்ந்தது.]

முடிவு அ: கால் முன்பக்கம் போனது. லைன் நின்றது. கமிட்டி உதட்டைப் பிதுக்கியது. அவள் முப்பத்தொன்றாம் தேதி தாம்பரம் வந்து ரயில் ஏறினாள். [இதை எழுதினேன். கிழித்தேன்.]

முடிவு ஆ: கால் பின்பக்கம் போனது. பாபு மனப்பாடம் பண்ணிவிட்டு வந்திருந்தார். எல்லாரும் கைதட்டினார்கள், அவள் நிரந்தரமானாள், ஆனால் பாபுவிடம் அப்புறம் பேசவே இல்லை. [இது அ-வைவிட மோசம்.]

முடிவு இ: கால் முன்பக்கம் போனது. அறுபது நொடி முடிந்தது. இசக்கிசெல்வி உறையைக் கீழே வைத்துவிட்டு, கமிட்டியிடம், "பாத்தியளா சார், வருசம் பேப்பருக்கு, காது லைனுக்கு. அவரு ஓடுனதுதான் சரி, மெட்டு இருக்க எடம்தான் தப்பு" என்று [இந்த வசனத்தை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். அவள் இப்படிப் பேசினாளா என்று தெரியாது. பேசியிருக்க வேண்டுமென்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.]

8

அடுத்த மாதம் நாலாம் தேதி, காலை பத்தே முக்காலுக்கு போன். நான் கையேட்டின் இரண்டாம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"சார், இசக்கிசெல்வி பேசுதேன். புஸ்தகத்தை மறுபடி அடிக்கிறியளாமே?"

"ஆமாம்மா! இந்தத் தடவை பேரு, வருஷம், எல்லாம் முழுசாப் போடுறேன். நீங்க எப்படி இருக்கீங்க? வியாழக்கிழமை என்னாச்சு? எனக்கு ராவும் பகலும் அதே நெனப்புதான்."

"இன்னொரு கட்டம் சேத்துப் போடுங்க சார். 'காதுக்கு எந்தக் காலம்'னு மேல எழுதிட்டு, கீழ எல்லாத்தையும் காலியா விட்டுருங்க. படிக்கவிய கேட்டுட்டு அவியளே எழுதிக்கிடட்டும்."

"போடுறேன்மா, கண்டிப்பாப் போடுறேன். என்னாச்சுன்னு சொல்லுங்க. பாபு எந்தப் பக்கம் ஓடினாரு?"

அவள் சிரித்தாள்.

"சார், நீங்க ஒரு கட்டத்தை வெட்டுனிய. படிக்கிறவளுக்குத் தேவையில்லன்னு நெனச்சிய, இல்லையா? எட்டு மாசம் காதை வச்சுத் தேடுனேன். இப்போ நான் ஒரு கட்டத்தை வெட்டிக்கிடுதேன். நீங்களும் தேடுங்க."

நான் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு வேண்டியதுதான் என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஊருக்குப் பெட்டி கட்டியவள் குரலா அது? அல்லது கட்டியவள்தான், மானத்தை விடாமல் கட்டிய திருப்தியில் சிரிக்கிறாளா?

அப்போதுதான் கவனித்தேன். அவள் குரலுக்குப் பின்னால் கன்வேயர் ஓடுகிற இரைச்சல்.

முப்பத்தொன்றோடு தவணை முடிந்த பெண், நாலாம் தேதி, வேலை நேரத்தில், போனும் கையுமாக அங்கே என்ன செய்கிறாள்? லைனுக்குள் போன் வைத்துக்கொள்ள யாருக்கு உரிமை என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். ஆனால் தவணை முடிந்து சான்றிதழ் வாங்க வந்தவர்களை உட்கார வைக்கும் அறையும் லைனை ஒட்டித்தான் இருக்கிறது, அங்கேயும் இந்த இரைச்சல் கேட்கும். இரண்டில் எது என்று கேட்க வாயைத் திறந்தேன்.

கயிறு இழுபட்டது.

மெட்டு பாட ஆரம்பித்தது. இரண்டு கை, ஒன்றையொன்று துரத்துகிறது, மூச்சு விடவில்லை. பரோக், சந்தேகமே இல்லை! நிஜமாகவே முந்நூறு வருடத்துப் பரோக்கா, இல்லை 1921இன் பதினோராம் மெட்டா? பதினோராம் மெட்டு என்றால் அது முன்னால் பாடுகிறதா, இன்னும் பின்னால்தானா? "இருங்க சார்" என்றாள் அவள். போனை எங்கேயோ வைத்த சத்தம். பிறகு யாரோ ஓடுகிற சத்தம், தடதடவென்று. அது பாபுவின் காலா, அவள் காலா, எந்தப் பக்கம் போகிறது, போனில் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் காதைக் கொடுங்கள். மெட்டு பாடிக்கொண்டிருக்கிறது, பலகையை ரேக் மறைக்கிறது, அறுபது நொடி இருக்கிறது. ஓடுங்கள்.